எளாவூர்ல எந்தப் பகுதி?

"எளாவூர்ல எந்தப் பகுதிம்மா?"

வங்கியின் கடன் பிரிவில் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. குரலில் வெறுப்பு எதுவும் இல்லை. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் இப்படித்தான் கேட்பார்கள். சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கணினியைப் பார்த்தார். தம்பிக்கு ஒரு பழைய ஃபைபர் படகும் நண்டு வலையும் வாங்க ஒன்றரை லட்சம் கடன் கேட்டிருந்தோம். நான் துணை விண்ணப்பதாரர்.

"ஸ்கோர் 668தான் இருக்கு. கார்டுல யூட்டிலைசேஷன் ரொம்ப ஜாஸ்தி. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

நான் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. பிறகு எதற்காக இந்தத் தண்டனை? பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களின் கடன்களைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் கடனைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் ஆனது.

கணக்கு எளிமையானது. அட்டையில் நீங்கள் வைத்திருக்கும் பாக்கியை, வங்கி உங்களுக்குக் கொடுத்திருக்கும் வரம்பால் வகுக்க வேண்டும். விடை 30 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. தாண்டினால் 300க்கும் 900க்கும் இடையில் நிற்கும் உங்கள் மதிப்பெண் இறங்கத் தொடங்கும். பள்ளியில் படித்த பின்னம்தான். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி.

என் உதவித்தொகை எட்டு மாதம் வரவில்லை. மெஸ் கட்டணம், களப்பணிக்குப் போய்வரும் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் அட்டையில்தான் ஓடின. பாக்கி 36,000 ரூபாய், வரம்பு 40,000. விகிதம் 90 விழுக்காடு. என் விடுதித் தோழிக்கும் அதே உதவித்தொகை, அதே தாமதம், அதே 36,000. அவள் வரம்பு 4 லட்சம். விகிதம் 9 விழுக்காடு. முதல் மூன்று மாதம் அம்மாவின் சீட்டுப் பணத்தை வாங்கி நானும் கெடு நாளுக்குள் முழுத்தொகையைக் கட்டினேன். அப்போதும் என் மதிப்பெண் இறங்கியது. பில் போடும் நாளில் இருக்கும் பாக்கிதான் பெரும்பாலும் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகிறது. அதற்கு அடுத்த வாரம் நீங்கள் முழுசாகக் கட்டினாலும், அந்த மாதத்துக்கு நீங்கள் 90 விழுக்காட்டுக்காரர்தான்.

ஒரே செலவு, ஒரே நாணயம். அவள் மதிப்பெண் ஏறியது, என்னுடையது சரிந்தது. வித்தியாசம் தொகுதியில் இல்லை, பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி எங்கிருந்து வருகிறது? அவளுக்கு அப்பா போட்டுக்கொடுத்த வைப்புத்தொகையும், ஆய்வுக்கு வருமுன் பார்த்த ஐடி வேலையும், சொந்த வீட்டு முகவரியும் இருந்தன. எனக்கு இருந்தது எளாவூர் முகவரி. வரம்பு என்பது நாம் சம்பாதித்த நம்பிக்கை அல்ல, நமக்கு முன் இரண்டு தலைமுறை சேர்த்துவைத்த சொத்தின் நிழல். எங்களைச் சொத்தே சேர்க்கவிடாத சமூகம், இப்போது அந்த நிழலை அளந்து எங்களுக்கு மார்க் போடுகிறது.

"கணினிக்குச் சாதி தெரியாது, தோழர்" என்று முற்போக்கு நண்பர்களே சொல்கிறார்கள். உண்மை, பல அட்டை விண்ணப்பங்களில் சாதிக்குக் கட்டம் இல்லை. ஆனால் பின்கோடுக்குக் கட்டம் உண்டு. கடன் விற்கும் பிரதிநிதிகளைக் கேட்டுப் பாருங்கள், "நெகட்டிவ் ஏரியா" என்றால் என்னவென்று சொல்வார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சொல்லை அழித்தால் பின்கோடு அழியுமா?

சாதி தெரியாததுபோல் நடிக்கும் பங்கீடு எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். குலுக்கலில் எந்தக் கள்ளமும் இல்லை. ஏரியைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் பலரும் அதன் ஒழுங்கைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குலுக்கலில் பெயர் போட பட்டினவர் சாதியில் பிறந்திருக்க வேண்டும். தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் பாடு கிடையாது. இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். குலுக்கல் நேர்மையானது, பெயர்ப்பட்டியல் சாதியானது. கடன் மதிப்பெண்ணும் இதே ஏற்பாடுதான்.

இதற்கு முன்னோடி நூலும் உண்டு. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் மாத வட்டியை வருணப்படி வகுத்துவைத்திருக்கிறது. நூற்றுக்குப் பார்ப்பனரிடம் 2, சத்திரியரிடம் 3, வைசியரிடம் 4, சூத்திரரிடம் 5. அவர்ணர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்று இதற்கு 'ரிஸ்க்' என்று பெயர். மாதாமாதம் முழுசாகக் கட்ட அப்பா இருக்கும் தோழிக்கு வட்டி பூஜ்யம், போதாததற்கு ரிவார்டு பாயிண்ட். சீட்டுப் பணம் தீர்ந்ததும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிய எனக்கு மாதம் மூன்றரை, ஆண்டுக்கு 42. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003லேயே சட்டம் போட்டது. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

"உதவித்தொகை தாமதம் ஒரு நிர்வாகக் கோளாறு" என்பவர்கள் ரோகித் வெமுலாவை நினைத்துப் பார்க்கட்டும். 2016 ஜனவரி 17 அன்று அவர் எழுதிவைத்த கடைசிக் கடிதத்திலும் ஒரு கணக்கு இருந்தது. ஏழு மாத உதவித்தொகை பாக்கி, 1,75,000 ரூபாய். அரசு நமக்குத் தரவேண்டிய பணத்தைத் தாமதிக்கிறது. அந்த இடைவெளியை நாம் கடனால் நிரப்புகிறோம். கடைசியில் தாமதித்த அரசுக்கு எந்த மதிப்பெண்ணும் குறைவதில்லை, காத்திருந்த நமக்குக் குறைகிறது.

என் அம்மாவுக்கு மதிப்பெண்ணே கிடையாது. நண்டு வியாபாரியின் நோட்டில் முப்பது வருடமாக அவர் பெயர் இருக்கிறது. வாங்கிய அட்வான்ஸுக்கு ஈடாக, சந்தையைவிடக் குறைந்த விலைக்கு அவரிடமே நண்டைப் போட்டு, ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் தீர்த்தவர். இதே திருவள்ளூர் மாவட்டத்தில், முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் அடைபட்டு உழைத்தே கடனை அடைத்த இருளர்கள் இருக்கிறார்கள். உலகத்தில் இவர்களைவிட ஒழுங்காகக் கடன் கட்டியவர்கள் யார்? இவர்களைக் கேட்டால் கணினி சொல்லும் பதில், "கடன் வரலாறு இல்லை."

இது வெறும் கடன் விஷயமும் இல்லை. மோசமான சிபில் பதிவைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்ததை, 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் சரி என்றது. கடன் வாங்கிப் படித்தவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனால் கடனைக் கட்ட முடியாது. இந்த வட்டத்துக்குள் யாருடைய பிள்ளைகள் மாட்டுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தற்காப்புக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பில் போடும் நாளுக்கு முன்பே முடிந்ததைக் கட்டுங்கள். பழைய அட்டையை அவசரப்பட்டு மூடாதீர்கள், மொத்த வரம்பு குறைந்து விகிதம் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் கடமைப்பட்டது. நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. பிழை இருந்து புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுரை. அடுத்தமுறை உங்கள் அம்மாவைத் திருப்பி அனுப்பும் கிளையில் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் "நிதி ஒழுக்கம்" என்ற பாடத்தோடு இதை முடித்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஒழுக்கம் எங்களிடம் குறையவில்லை, வரம்புதான் குறைகிறது. கடன் வழங்குவதில் சாதி பார்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2003லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பார்க்கவில்லை என்பதை நிரூபியுங்கள். யாருக்கு எவ்வளவு வரம்பு, யார் விண்ணப்பம் எத்தனை நிராகரிப்பு என்பதைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிடுங்கள். வீட்டுக் கடன் விவரங்களை வெளியிட வேண்டும் என்று அமெரிக்கா 1975லேயே சட்டம் போட்டது. இன்று அங்கே இனவாரியாக அந்தக் கணக்கைப் பார்க்க முடிகிறது. சிறிய வரம்புள்ள அட்டைகளில் பயன்பாட்டு விகிதத்துக்காக மதிப்பெண் குறைப்பதை நிறுத்துங்கள். வேலைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள முடிச்சை அவிழுங்கள். உதவித்தொகையைத் தாமதித்தால் எங்களிடம் வாங்கும் அதே வட்டியோடு கொடுங்கள்.

தம்பி இப்போது வியாபாரியிடமே அட்வான்ஸ் வாங்கிவிட்டான். நோட்டில் அம்மா பெயருக்குக் கீழே அவன் பெயர் ஏறியிருக்கிறது. வியாபாரி அவனிடம் எந்தப் பகுதி என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.