பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

“அண்ணா, வண்டி மிஸ் அடிக்குது. பிளக் மாத்தியாச்சு, பெட்ரோல் பம்ப் மாத்தியாச்சு, இன்ஜெக்டரும் கிளீன் பண்ணியாச்சு. இன்னும் என்ன மாத்தணும்?” மைசூரு பன்னிமண்டபம் பக்கம் சிறிய கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: “மாத்தறதுக்கு முன்னாடி யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா?” பெரும்பாலும் பதில் வராது.

அண்மையில் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். கோவைக்குப் போய்விட்டுச் சத்தியமங்கலம் வழியாகத் திரும்பிய குடும்பம். பண்ணாரி வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மேலே ஏறி, ஆசனூர் தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் பழையபடி ஓடியது. ஊர் திரும்பியபின் ஓரிடத்தில் மேலே சொன்ன மூன்று வேலைகளையும் செய்தார்கள். பணம் போனது, சாமுண்டி மலை ஏறினால் அதே திணறல்.

சமதளத்தில் ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் ஏன் திணறுகிறது? இங்கேதான் சோதனை தொடங்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய நுழைந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயில் பலமிழந்திருந்தால் அங்கேதான் கைவிடும். ஸ்கேனரைப் போட்டால் பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் முதல் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி மாட்டினேன். பழைய குறியீட்டை அழித்துவிட்டு மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது வந்தது பி0301. காயில் போன இடத்துக்கே பழுதும் போயிருந்தது. அந்த ஒரு காயிலை மாற்றியதும் வேலை முடிந்தது.

ஸ்கேனர் காய்ச்சலைக் காட்டும். எதனால் காய்ச்சல் என்பதைச் சொல்லாது. இடம் மாற்றியும் குறியீடு நகரவில்லை என்றால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் நிறமே பாதிக் கதையைச் சொல்லும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது சூடு அதிகம். எண்ணெய் படிந்திருந்தால் ரிங், வால்வு பக்கம் பார்க்க வேண்டும். நின்றபடி ஓடும்போது மட்டும் நடுங்கி, வேகம் எடுத்ததும் சீராகிவிட்டால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டுக் காற்று புகுகிறதா என்று தேட வேண்டும். கேஸில் ஓடும் கார்களில் வால்வு இடைவெளியை அளக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. இவையும் சரியாக இருந்தால் இன்ஜெக்டர். பிறகு கம்ப்ரஷன் கேஜ். இந்த வரிசை எந்த மெக்கானிக்குக்கும் கைவரக்கூடியதுதான். நேரம்தான் வேண்டும்.

இப்போது எல்லாப் பழியும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் விழுகிறது. எரிபொருளால் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு சிலிண்டரும் ஒரே டேங்க் பெட்ரோலில்தான் ஓடுகின்றன. ஒன்று மட்டும் தொடர்ந்து மிஸ் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிலிண்டரை; பெட்ரோல் பங்க்கை அல்ல.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த மேஸ்திரி, யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஆலையில் வேலை பார்த்தவர். 1996இல் மூடப்படும் வரை ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் அங்கிருந்துதான் நாடெங்கும் போயின. ஸ்கேனர் கிடையாது, குறியீடு கிடையாது. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், பாயிண்ட் இடைவெளியை அளப்பார், காரணம் தெரிந்த பிறகே கடைக்குப் பையனை அனுப்புவார். கருவி மாறிவிட்டது, அந்த ஒழுங்கு மாறக் கூடாது.

அது ஏன் கைநழுவுகிறது? பாகத்துக்குப் பணம் தரத் தயங்காதவர்கள்கூட, சோதித்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் “சும்மா பார்த்ததுக்கா?” என்கிறார்கள். எதையாவது மாற்றினால்தான் வருமானம் என்ற நிலையில் எதையாவது மாற்றத்தான் செய்வார்கள். சோதனைக்குத் தரத் தயங்கும் சில நூறு ரூபாய், தேவையற்ற பாகங்களாகப் பல ஆயிரமாகத் திரும்பி வருகிறது.

இன்னொரு தடை நிறுவனங்களின் பக்கம் இருக்கிறது. பழுதறியும் கருவிகளையும் உதிரிபாகங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டுமே ஒருவரின் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் கூறியது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து இணையதளமும் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. ஆனால் நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் தகவலோடு இது நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012இல் மக்களே வாக்களித்துக் கார் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். நியாயமான விலையில் சர்வீஸ் கையேடும் வயரிங் வரைபடமும் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருந்தால் ஊகத்துக்கு இடமிருக்காது.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்குகிறது என்று பொருள். ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள், பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். பந்திப்பூர், திம்பம் காட்டுப் பாதைகளில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. மிஸ் அடிக்கும் வண்டியோடு மாலையில் அந்தப் பக்கம் கிளம்பாதீர்கள். எந்தச் சிலிண்டர், எப்படிச் சோதித்தீர்கள் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழுதைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்கு, அவர் ஒரு பாகத்தையும் மாற்றாவிட்டாலும், கூலியைக் கொடுங்கள்.