சிகரெட்டே பிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருமா? ஒரகடம் தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் படப்பை வழியே கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் வரிசைகட்டிப் போகும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்க்கும் பலர் இந்தப் பக்கம்தான் வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை என்றால், "தூசி ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

யாருக்கு வரும்?

சிகரெட், பீடிதான் முதல் காரணம். ஆனால் அது மட்டுமே இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் டீசல் புகையையும், 2013-ல் காற்று மாசையும், 2017-ல் வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. ஆஸ்பெஸ்டாஸும், கல்குவாரியில் பறக்கும் சிலிக்கா தூசியும் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் உள்ளன. அதற்காக வெல்டிங் செய்பவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று அர்த்தமில்லை. எத்தனை வருஷம், எவ்வளவு புகையை சுவாசித்தார் என்பதைப் பொறுத்தே ஆபத்து.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

இருமல், சளியில் ரத்தம், எடை குறைவது, மூச்சு வாங்குவது எல்லாம் காசநோய்க்கும் உள்ள அறிகுறிகள். எக்ஸ்ரேயிலும் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். இதனால் காசநோய் மருந்திலேயே சிலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள். காசநோய் உறுதியாகவில்லை, அல்லது மருந்து சாப்பிட்டும் குறையவில்லை என்றால், "சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிகிச்சை என்ன?

ஸ்கேனில் கட்டி தெரிந்தாலும், பயாப்சிதான் புற்றுநோயை உறுதி செய்யும். ஆரம்ப நிலை என்றால் அறுவை சிகிச்சையிலேயே குணமாக வாய்ப்பு உண்டு. பரவிய நிலையில் கீமோதெரபி, கதிர்வீச்சு, இம்யூனோதெரபி தரப்படும். புகைப்பழக்கம் இல்லாதவர்களிடம் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அது இருந்தால் மாத்திரையிலேயே நோயைக் கட்டுப்படுத்தலாம். அதனால் மரபணுப் பரிசோதனை முக்கியம்.

எங்கே போவது?

படப்பைக்குப் பக்கத்தில் தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உள்ளது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. தொடர்ந்து 2 ஆண்டு வேலையில் இருந்து, போதிய சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கிடைக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கான்ட்ராக்டர் மாறும்போது புது இ.எஸ்.ஐ. எண் வாங்காதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள். எண் மாறினால், பழைய சர்வீஸ் கணக்கில் வராமல் போய், அவசரத்தில் அந்தப் பணம் கிடைக்காமல் போகலாம்.