கொழுந்தின் நொதியமும் கொய்பவளின் நொதியமும்

திம்புள்ளத் தேயிலையின் பெயருக்குக் குளிர்காற்றும் மலைச்சரிவும் மட்டுமே காரணமல்ல. கொழுந்துக்குள் இருக்கும் ஒரு நொதியமும் காரணம். தமிழகத்து அன்பர்கள் இதனை நொதி என்பர். வாட்டி உருட்டிய கொழுந்தைக் காற்றின் துணையோடு செந்நிறமாக்குவது இதுவே. அதை எந்த வேளையில் சூடேற்றி நிறுத்துவது என்பதில் இருக்கிறது தொழிற்சாலையின் திறமை. தேயிலையை ஆராயவென்று 1925இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இப்பகுதியின் தலவாக்கலையிலேயே இயங்கி வருகிறது.

நல்லது. ஆனால், அந்தக் கொழுந்தைக் கொய்பவளின் ஈரலிலும் ஒரு நொதியம் உண்டு. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் சிப் 1ஏ2. தேநீரிலுள்ள கஃபீனைச் சிதைத்து வெளியேற்றும் பெரும்பணி அதனுடையது. இன்று இந்த மனித நொதியத்தை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்குகிறார்கள். அதற்குரிய மனித மரபணுவை நுண்ணுயிரிலோ பூச்சியின் உயிரணுவிலோ சேர்த்து வளர்த்து, பிரித்தெடுத்து, சிறு குப்பிகளில் உறைநிலையில் விற்கிறார்கள். ஒரு புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன், உடல் அதை எவ்வாறு சிதைக்கும் என்று அறிய இக்குப்பிகள் உதவுகின்றன. மெச்சத்தக்க முயற்சிதான்.

எனினும், குப்பி ஒரு தாய் அல்ல. கருவுற்ற பெண்ணின் உடலில் இந்த நொதியத்தின் வேகம் குறைந்துவிடுகிறது. உட்சென்ற கஃபீனில் பாதி கழிய வழக்கமாக ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். பிரசவம் நெருங்கும் மாதங்களில் அது பதினைந்து மணி நேரம் வரைகூட நீளலாம். கஃபீன் நச்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் அடைகிறது. அதைச் சிதைக்கும் வல்லமை சிசுவுக்கு இல்லை. ஆகவேதான், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கருச்சிதைவும் எடை குறைந்த பிறப்பும் நேரும் அபாயத்தைக் குறைப்பதே நோக்கம்.

தோட்டப்புறத்தில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் அதிகம் என்பது பழைய செய்தி. பழியைத் தேநீரின் தலையில் கட்ட நான் முயலவில்லை. போதாத கூலி, போதாத உணவு, இரத்தசோகை ஆகியவையே முதற்காரணங்கள். ஆனால், பசியைத் தேத்தண்ணியால் அடக்கிவிட்டு மலையேறுபவளுக்கு இந்தச் சின்னஞ்சிறு உண்மையும் தெரிந்திருக்க வேண்டாமா? உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், அவளுக்கு மிகவும் வேண்டிய இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும்.

என் கோரிக்கை பெரிதன்று. ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம், எளிய தமிழில். தோட்டத்துக் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்தில் குடும்பநல உத்தியோகத்தரின் ஐந்து நிமிடப் பேச்சு. வேலைநாளில் அதைக் கேட்பதற்குக் கூலி வெட்டப்படாத அரைமணி நேரம். இலையை ஒரு நூற்றாண்டாக ஆராயும் மண்ணில், கொய்யும் கைக்கு இவ்வளவேனும் செய்வது கடன் என்பேன்.