அழையாமல் வரும் விளம்பரங்கள்: பொறுப்பு யாருடையது?

வீட்டுக் கணினியின் திரையில் கேட்காமலேயே விளம்பரச் சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்போது, அதனை வைரஸ் தாக்குதல் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இத்தகைய விளம்பர மென்பொருட்களில் பல, கணினியின் உரிமையாளரே ஏதோவொரு தருணத்தில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியதால் உள்ளே நுழைந்தவை. அந்தச் சம்மதம் உண்மையான சம்மதம்தானா என்பதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும் சர்ச்சையின் மையமாக உள்ளது.

இலவசத்தின் விலை

பாப்-அப் விளம்பரம் 1990களில் தோன்றியது. அப்போது 'ட்ரைபாட்' இணையதளத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மன், அதற்கான நிரலைத் தான் எழுதியதாக 2014ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். தகாத பக்கம் ஒன்றில் தனது விளம்பரம் இடம்பெற்றதைக் கார் நிறுவனம் ஒன்று ஆட்சேபித்ததால், விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் காட்டும் வழி கண்டறியப்பட்டது.

அச்சாளரத்தை மூடினால் தொல்லை தீர்ந்தது. அடுத்து வந்த விளம்பர மென்பொருட்களோ கணினிக்குள்ளேயே குடியேறின. கோப்புப் பகிர்வுச் செயலிகள் போன்ற இலவச மென்பொருட்களுடன் அவை இணைத்து வழங்கப்பட்டன. நீண்ட ஒப்பந்த வாசகங்களுக்கு நடுவே அதற்கான அனுமதி புதைந்திருந்தது.

அமெரிக்காவில் 'ஸாங்கோ' நிறுவனத்தின் மென்பொருள் சுமார் 7 கோடி முறை நிறுவப்பட்டு, 690 கோடிக்கும் அதிகமான பாப்-அப் விளம்பரங்களைக் காட்டியதாக அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அதனை நீக்குவது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருந்ததாகவும் ஆணையம் கூறியது. 2006 நவம்பரில் 30 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது.

இத்தொழிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதன் பின்னரே வலுப்பெற்றது. 2007 ஜனவரியில், இத்தகைய மென்பொருள் வழியாக விளம்பரம் செய்த பிரைஸ்லைன், டிராவலாசிட்டி, சிங்குலர் ஆகிய மூன்று நிறுவனங்கள் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் சமரசம் செய்துகொண்டன. மென்பொருளைத் தயாரித்தவர் மட்டுமல்ல, விளம்பரம் கொடுத்தவரும் பொறுப்பாளியே என்ற நிலைப்பாடு இதில் வெளிப்பட்டது. ஆயினும், அபராதத் தொகைகள் மிகச் சிறியவை.

புதிய கணினியும் விதிவிலக்கல்ல

கவனக்குறைவான பயனரே குற்றவாளி என்ற வாதத்தை 2015ஆம் ஆண்டின் லெனோவோ விவகாரம் பலவீனப்படுத்தியது. அந்நிறுவனத்தின் சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் விற்பனைக்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணைப்புகளுக்குள்ளும் ஊடுருவ, அது தனது சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினியில் பதித்திருந்தது. மென்பொருளை நீக்கிய பின்னரும் அச்சான்றிதழ் தங்கியிருந்ததால், வங்கிக் கணக்கு விவரங்கள்கூடத் திருடப்படக்கூடிய ஆபத்து நீடித்தது.

மருந்தே நஞ்சாகும்போது

தொல்லையைவிடப் பெரிய ஆபத்து, அதனை நீக்கித் தருவதாகக் கூறி வருவதுதான். 'வின்ஃபிக்ஸர்' போன்ற போலி மென்பொருட்கள், இல்லாத பழுதுகளைக் காட்டி அச்சுறுத்திப் பணம் பறித்தன. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் ஏமாற்றப்பட்டதாகக் கூறப்பட்ட அவ்வழக்கில், 2012ஆம் ஆண்டில் 16 கோடியே 30 லட்சம் டாலர் செலுத்துமாறு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 'உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையை நிறைக்கும் இன்றைய எச்சரிக்கைகள் அதன் தொடர்ச்சியே. கணினி அனுபவம் குறைந்த முதியோரின் சேமிப்பு இவ்வழியில் பறிபோகிறது.

எனவே, திரையில் தோன்றும் எந்த எண்ணையும் அழைக்காமலும், அது பரிந்துரைக்கும் எதையும் தரவிறக்காமலும் இருப்பதே முதல் படி. பின்னர், நிறுவப்பட்ட மென்பொருட்களின் பட்டியலைத் தேதி வரிசையில் பார்த்து, தொல்லை தொடங்கிய காலத்தில் வந்த அறிமுகமற்றவற்றை நீக்கலாம். அடுத்து, உலாவியின் நீட்சிகளையும், முகப்புப் பக்கத்தையும், தேடுபொறியையும் சரிபார்க்க வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. இன்று பல விளம்பரங்களுக்கு மென்பொருளே தேவையில்லை. அறிவிப்பு அனுப்ப ஓர் இணையதளத்துக்கு ஒருமுறை அளித்த அனுமதியே போதும். உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதியை ரத்து செய்தால் அவை நின்றுவிடும். இறுதியாக, விண்டோஸுடன் வரும் டிஃபென்டர் அல்லது 'ஆட்வ்கிளீனர்' போன்ற நம்பகமான கருவியால் கணினியைச் சோதிப்பது நல்லது. ஏற்கெனவே பணம் செலுத்தியவர்களும், கணினியை அந்நியர் தொலைவிலிருந்து இயக்க அனுமதித்தவர்களும் உடனடியாக வங்கிக்குத் தகவல் தெரிவித்து, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும்.

இந்நடவடிக்கைகள் ஒரு கணினியைத் தூய்மையாக்கும். ஆனால், படிக்காமல் அழுத்தப்படும் ஒரு பொத்தானைச் சம்மதமாகக் கொள்ளும் வணிகமுறை நீடிக்கும்வரை, தூய்மைப்படுத்தும் சுமை வீட்டிலுள்ளவர்கள் மீதே தொடர்ந்து விழும்.