வீட்டுத் தோட்டம்: கல்வாழை

கல்வாழையை ‘ரயில்வே ஸ்டேஷன் செடி’ என்று இளப்பமாகப் பேசுவோர் உளர். ஸ்டேஷன்களிலும் நகரசபைப் பூங்காக்களிலும் கவனிப்பாரின்றியே அது தழைத்து நிற்பதால் வந்த பெயர் போலும். நம் அபிப்பிராயத்தில் ஒரு செடிக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.

தாவர சாஸ்திரிகள் இதனைக் ‘கன்னா இண்டிகா’ என்பர். பெயரைக் கண்டு நம் தேசத்துச் செடியென்று உரிமை கொண்டாடுதல் வேண்டா. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து உஷ்ணப் பிரதேசம். நாம் இதழ் என்று மெச்சுவதும் இதழன்று: மகரந்தக் கேசரங்களே மகரந்தப் பையை இழந்து, அகன்று, வர்ணமேறி அப்படி நிற்கின்றன. மெய்யான இதழ்கள் அடியில் சிறுத்து ஒடுங்கியிருக்கும். குழந்தைகளிடம் ஒரு பூவைக் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். விதையோ இரும்புக் குண்டு போன்றது. சொரசொரப்பான கல்லில் தேய்த்து ஒரு நாள் நீரில் ஊறவைத்தாலன்றி எளிதில் முளையாது.

கிழங்கே சுலப வழி. இரண்டு மூன்று முளைகளுள்ள துண்டுகளாக அறுத்து, 4 அங்குல ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, நல்ல வெயிலில் நடுக. தொழுவுரம் தாராளமாக இடலாம். பூத்து முடிந்த தண்டு மறுமுறை பூக்காது. அதை அடியோடு அறுத்துவிட்டால் பக்கக் கன்றுகள் எழும்பும்.

கொல்லையில் குளியலறை நீர் விழுமிடம் இதற்கு ஏற்றது. ஈரத்தை விரும்பும் செடி. வேர்கள் நீரை நன்றாய் உறிஞ்சும். ஆனால் குட்டையாய்த் தேங்கவிட்டால் பூவுடன் கொசுவும் வளரும். ஆகவே மணலும் ஜல்லியும் பரப்பிய வாய்க்காலில் நீரை விடுவதே முறை.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் கூடாது. நரம்புகளை ஒட்டி மஞ்சள் கீற்றும் தேமலும் படர்ந்து, இலை கிழிந்து, பூவும் திட்டுத்திட்டாய் வந்தால் அது வைரஸ் நோய். மருந்து கிடையாது, உரம் போட்டும் பயனில்லை. நம் வீடுகளில் கிழங்கைக் கேட்டவர்க்கெல்லாம் பிடுங்கிக் கொடுப்பது வழக்கமல்லவா? நோயும் அந்தக் கிழங்குடனேயே அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. அறுக்கும் கத்தியும் அதைக் கடத்தக்கூடும். ஆசையாய் வளர்த்த தூராயினும் கிழங்கோடு தோண்டி எரித்துவிடுக. புதிதாய் வாங்குவோர், வெறுங் கிழங்கை நம்பாமல், இலையோடு நிற்கும் தூரைப் பார்த்தே கேட்டு வாங்குக.