கைவிட்டால் ஐம்பது ரூபாய்

கொரட்டூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலும், ஏரியைச் சுற்றி எழுந்துள்ள அடுக்ககங்களிலும் நாய் வளர்க்க விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் நாடுவது இரட்டை ஏரிக்கு அப்பாலுள்ள கொளத்தூர்க் கடைகளையோ, வீட்டிலேயே குட்டி போடவைத்து விற்பவர்களையோதான். காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்கலாம் என்ற யோசனை எழுவது அரிது. எழுந்தாலும், யாருக்கோ வேண்டாமற்போனது நமக்கு எதற்கு என்ற தயக்கம் அதை அடக்கிவிடுகிறது. இந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

புளூ கிராஸ் அமைப்பு 1959-இல் தொடங்கப்பட்ட நகரம் சென்னை. தெருநாய்களைக் கொல்லாமல், பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு முறையை அந்த அமைப்பு 1964-இலேயே தொடங்கியது; மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல்தான். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. இத்தனையையும் தத்தெடுப்பால் குறைத்துவிடலாம் என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. அது கருத்தடையின் வேலை. தத்தெடுப்பின் பயன் வேறு: காப்பகங்களில் நாட்டு நாய்களோடு, ஆசைக்கு வாங்கி அலுத்தபின் விடப்பட்ட சாதி நாய்களும் அடைந்து கிடக்கின்றன, அங்கிருந்து ஒன்று வீடு சேரும்போது, அடிபட்ட மற்றொன்றுக்கு இடம் கிடைக்கிறது, ஒரு புதுக்குட்டிக்கான தேவையும் குறைகிறது.

அந்தப் புதுக்குட்டி எப்படி வருகிறது என்பதையும் வாங்குவோர் அறிய வேண்டும். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளும் மாநில விலங்குநல வாரியப் பதிவைக் கட்டாயமாக்குகின்றன; எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன; ஒரு பெட்டை ஆயுளில் ஐந்து முறைக்கு மேல் ஈனக் கூடாது என்றும் வரம்பு வைக்கின்றன. ஆனால் சின்னக் குட்டிக்கே கிராக்கி அதிகம் என்பதால், தாய்ப்பால் மறக்காத குட்டிகளும் கம்பிக் கூண்டுக்கு வந்துவிடுகின்றன. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பாற்றல் தேய்ந்து, தடுப்பூசி இன்னும் பலன் தராத அந்த இடைவெளியில்தான் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் எளிதில் தொற்றுகிறது. பணம் கைமாறிச் சில நாள்களில் இரத்தக் கழிச்சலோடு குட்டி மருத்துவமனைக்குப் போகிறது. பெற்றோர் நாய்களைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காமலிருப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை.

வளர்ந்த நாய் பழகாது என்பதும், தெருவில் பிறந்தது கடிக்கும் என்பதும் வழக்கமான மறுப்புகள். உண்மையில் வளர்ந்த நாயின் சுபாவம் கண்முன்னே தெரிகிறது; மூர்க்கமானதைக் காப்பகம் தத்துக்கொடுக்கக் கூடாது என்று கோருவதும் நியாயமே. உடல்வாகிலும் நாட்டு நாய்க்கே இந்த ஊர் பொருந்தும்: நாய் பெருமளவு மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால், மூக்கு அமுங்கிய பக் போன்றவை சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் மூச்சுக்கே திணறுகின்றன.

குடும்பங்களுக்கு அறிவுரை சொல்வதோடு பொறுப்பு முடியவில்லை. உரிமமின்றி நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி 2025-இல் அறிவித்தது. தடுப்பூசியையும், உரிமையாளரைக் காட்டும் எண் கொண்ட, அரிசியளவு மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்துவதையும் அது கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டினியிலோ தாகத்திலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுபவருக்கு, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிப்பது பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். உரிமம் எடுக்காமல் வைத்திருப்பதைவிட ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வருவது நூறு மடங்கு மலிவு என்று கணக்குப் பார்ப்பவரைச் சட்டமே ஊக்குவிக்கிறது. நாடாளுமன்றம் இந்தத் தொகையை உயர்த்த வேண்டும்.

அதுவரை மாநகராட்சி செய்யக்கூடியதும் உண்டு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் கூறியிருக்கிறது. கொரட்டூரை உள்ளடக்கிய அம்பத்தூர் மண்டலம் மாதந்தோறும் காப்பகங்களை அழைத்து முகாம் நடத்தி, தத்தெடுக்கும் இடத்திலேயே தடுப்பூசி, சிப், உரிமம் மூன்றையும் கட்டணமின்றி வழங்கலாம். பதிவுச் சான்றில்லாத கடைகளில் குட்டி விற்பனையை நிறுத்த, அதிகாரிகள் விற்பனை சூடுபிடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனைக்குப் போகலாம்.