இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அஸ்திவாரம் போட்டு முடித்ததும் மேஸ்திரி மெல்ல ஆரம்பிப்பார்: "கையோட கையா மாடியில ஒரு ரூம் எடுத்துடலாம் சார். அப்புறம் செஞ்சா செலவு ஜாஸ்தி." அவர் சொல்வது நியாயம்தான். கடன் வாங்கியபோது அந்த ரூம் கணக்கில் இல்லை என்பதுதான் சங்கடம்.

அரசாங்கம் ரயில் பாதை போடும்போதும் இதேதான் நடக்கிறது. உதாரணத்துக்கு பெங்களூர் மெட்ரோ. 2006 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தபோது முதல் கட்டத்தின் நீளம் 33 கி.மீ., மதிப்பீடு 6,395 கோடி ரூபாய். ஜூன் மாதம் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். பிறகு பாதை வடக்கே நாகசந்திரா, தெற்கே எலச்சேனஹள்ளி என்று வளர்ந்து 42.3 கி.மீ. ஆயிற்று. முழுப் பாதையிலும் ரயில் ஓடியது 2017 ஜூனில்தான். அதற்குள் செலவு 13,000 கோடியைத் தாண்டிவிட்டது.

நீளம் கூடியது 28 சதவீதம். செலவு கூடியதோ இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே பழி முழுவதையும் கூடுதல் பாதையின் தலையில் கட்ட முடியாது. நிலம் கையகப்படுத்துவது இழுத்தது. பாறையும் மண்ணும் கலந்து கிடந்த பூமிக்கடியில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள் திணறின. நாள் தள்ளிப்போகப் போக விலைவாசி தன் பங்குக்கு ஏறியது.

நீட்டிப்பு தேவையில்லாததும் அல்ல. பழைய திட்டப்படி யஷ்வந்த்பூரோடு பாதை நின்றிருந்தால், பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளிக்கு மெட்ரோ கிடைத்திருக்காது. தவறு வேறு இடத்தில் நேர்கிறது. பழைய வேலையும் புதிய வேலையும் ஒரே பேரேட்டில் கலந்துவிட்டால், எந்த ரூபாய் நீட்டிப்புக்குப் போயிற்று, எது தாமதத்துக்குப் போயிற்று என்று பிரிப்பது கடினம். 'பாதை பெரிதாகிவிட்டது' என்ற பதில், தாமதத்துக்கு வசதியான போர்வை.

ஆரம்பத்திலேயே யோசித்துச் செய்த கூடுதல் வேலைக்கும் இதே பாதை சாட்சி. முதலில் ஓடியவை மூன்று பெட்டி ரயில்கள். ஆனால் பிளாட்பாரங்களை ஆறு பெட்டிகளுக்குக் கட்டியிருந்தார்கள். கூட்டம் பெருகி, 2018ல் ஆறு பெட்டி ரயில்கள் வந்தபோது எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று வீண் போலத் தெரிந்த கான்கிரீட்தான் இன்று நெரிசலைத் தாங்குகிறது.

இதற்கு நேர்மாறான கதை மஞ்சள் வழித்தடம். ஆர்.வி. ரோடிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை 19 கி.மீ., 16 ஸ்டேஷன்கள். தூண்கள் எழுந்தன, தண்டவாளம் வந்தது, ரயில்தான் வரவில்லை. 2019ல் ஒப்பந்தம் பெற்ற சீன நிறுவனம் இந்தியாவில் தொழிற்சாலை அமைக்கவில்லை. கொல்கத்தாவை அடுத்த டிட்டாகர் நிறுவனம் கைகொடுத்த பிறகே பெட்டிகள் தயாராயின. 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தபோது கையிலிருந்தவை மூன்றே ரயில்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தினமும் பஸ்ஸில் வியர்த்தவர்களுக்கு, தலைக்கு மேல் பாதை தயாராக இருந்தும் பயனில்லாமல் போன மாதங்கள் எத்தனையோ. பாதை என்பது வெறும் கிலோமீட்டர் கணக்கல்ல. அதில் ஓடும் பெட்டிகளும் திட்டத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன.

பொம்மசந்திரா வரை வந்தது ஓசூர் வரை வரக்கூடாதா என்று எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்கிறார்கள். சென்னை மெட்ரோ நிறுவனம் அதற்கான சாத்தியக்கூறு ஆய்வையும் நடத்தியது. ஆனால் பெங்களூர் ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வருகிறது: 750 வோல்ட், டி.சி. சென்னை யோசித்தது மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் ஏ.சி. இரண்டையும் இணைப்பது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லை என்று பெங்களூர் மெட்ரோ 2025ல் கைவிரித்தது. பல வருடங்களுக்கு முன் முதல் கட்டத்துக்காக எடுத்த ஒரு முடிவு, இன்று ஓசூர்க்காரரின் பயணத்துக்கு எல்லைக்கோடு போடுகிறது.

சென்னையின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. அங்கேயும் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கு ஒரு ஸ்டேஷன் கேட்கும், ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் மனு கொடுப்பார். கேட்பது அவர்கள் உரிமை. எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்று சொல்வது நிர்வாகம் ஆகாது, தலையாட்டுவதும் ஆகாது. கேட்டவர் கையில் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். அதில் மூன்றே வரி: எவ்வளவு பணம், எத்தனை மாதம், யார் தருவது. ஏற்கெனவே தயாரான பகுதி இதற்காகக் காத்திருக்காது என்பதையும் கீழே எழுதிவிட வேண்டும். 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி–எம்.ஜி. ரோடு பகுதியில் 6.7 கி.மீ. மட்டும் முதலில் திறந்ததைப் போல.

சீட்டைப் படித்த பிறகும் ஸ்டேஷன் வேண்டும் என்று மக்கள் சொன்னால் தாராளமாகக் கட்டலாம். விலை தெரிந்து வாங்கிய பொருளைப் பற்றி யாரும் ஏமாந்ததாகப் புலம்புவதில்லை.